புதுச் சைக்கிளின் கம்பியைத் தட்டிப் பாருங்கள்

வீட்டுக்குப் புதுச் சைக்கிள் வந்திருக்கிறது. கடையில் வாங்கியதாக இருக்கலாம், பள்ளியில் பிள்ளைக்குக் கொடுத்ததாகவும் இருக்கலாம். மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஓட்டத் தொடங்கிவிட்டீர்கள். மூன்று வாரம் போனதும் பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு முறை பிரேக் கட்டையில் உரசுகிறது. இன்னும் கொஞ்ச நாளில் 'டிங்' என்று ஒரு கம்பி அறுந்து விழுகிறது.

"மட்டமான சரக்கு" என்று உடனே தோன்றும். சில நேரம் அது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு: சக்கரத்தைப் பூட்டும் வேலை அரைகுறையாக நின்றிருக்கிறது. அதை முடித்து வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. அரை மணி நேர வேலை.

பங்காருபாளையத்தை எடுத்துக்கொள்வோம். சித்தூரிலிருந்து பலமநேர் போகும் நெடுஞ்சாலையில், மாங்காய் மண்டிகளுக்குப் பேர்போன ஊர். மேற்கே போனால் மொகிலி கணவாயின் ஏற்றம். இப்படிப்பட்ட ஊரில் சைக்கிள் சும்மா உலாவப் போகும் வண்டியாக இருப்பதில்லை. கேரியரில் பால் கேனோ தீவனக் கட்டோ இருக்கும், இல்லையென்றால் தம்பியோ தங்கையோ இருப்பார்கள். சமவெளியில் பொறுத்துப்போகும் சக்கரக் கோளாறு, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பொறுத்துப்போகாது.

சைக்கிள் முழுதாகப் பூட்டித்தானே வருகிறது, அப்புறம் என்ன என்று கேட்பீர்கள். முழுதாக வருவதில்லை. தொழிற்சாலையிலிருந்து சட்டம் தனி, சக்கரங்கள் தனி, ஹேண்டில் பார், பெடல், மட்கார்டு, கேரியர் எல்லாம் தனித்தனி என்றுதான் கடைக்கு வரும். கடைக்காரர்தான் ஃபிட்டிங் (பாகங்களைச் சேர்த்துப் பூட்டுவது) செய்து தருவார். முன்பெல்லாம் ரிம், கம்பி, ஹப் (சக்கரத்தின் நடுக் குடம்) கூடத் தனித்தனியாக வரும். சக்கரத்தைக் கம்பி கோத்து உருவாக்குவதே கடையில்தான் நடந்தது. பழைய மெக்கானிக்குகளின் கைத்திறன் அப்படி வந்தது.

பள்ளிச் சைக்கிளும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2001-02 கல்வியாண்டில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கென்று இலவசச் சைக்கிள் திட்டம் தொடங்கிப் பிறகு மற்றவர்களுக்கும் விரிந்தது. ஆந்திர அரசும் 'படிகொஸ்தா' (பள்ளிக்கு வருகிறேன்) என்ற பெயரில் அரசுப் பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தது. லாரியில் வந்து இறங்கும் பாகங்களை நூற்றுக்கணக்கில் பூட்ட வேண்டியிருக்கும்போது ஒரு வண்டிக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. நட்டு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கம்பி ஒவ்வொன்றையும் தடவிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

அந்தக் கம்பியில் அப்படி என்ன இருக்கிறது? சைக்கிளின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், சுற்றி வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா. வண்டியின் பாரம் குடத்தில் இறங்கி, அடியில் இருக்கும் ஆரக்காலின் மேல் தூண்மேல் கூரை போல நிற்கிறது. அதனால்தான் ஆரக்கால் தடிமனாக இருக்கிறது. சைக்கிள் கம்பியின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர். அதைச் செங்குத்தாக நிறுத்தி விரலால் அழுத்தினாலே வளைந்துவிடும். அது எப்படி ஓர் ஆளையும் பால் கேனையும் தாங்குகிறது?

விடை உங்கள் வீட்டுத் திண்ணையில் இருக்கலாம்: கயிற்றுக் கட்டில். கயிறு எதையும் முட்டுக்கொடுத்துத் தாங்காது, இழுத்துக் கட்டினால் மட்டுமே தாங்கும். சைக்கிள் சக்கரமும் அப்படித்தான். ஒவ்வொரு கம்பியும் ரிம்மை ஹப்பை நோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. எல்லாப் பக்கமும் இழுப்பு சமமாக இருப்பதால் ரிம் வட்டமாக நிற்கிறது. இன்றைய நல்ல சக்கரங்களில் செயின் பக்கத்துக் கம்பி ஒன்றில் சுமார் 100 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டது போன்ற இழுவிசை இருக்கும். இரும்பு ரிம் போட்ட நம் ஊர்ச் சைக்கிளில் இதைவிடக் குறைவு.

பாரம் ஏறும்போது என்ன ஆகிறது? தரையைத் தொடும் இடத்துக்கு நேர் மேலே உள்ள சில கம்பிகளில் மட்டும் இழுப்பு சற்றுத் தளரும், மற்றவற்றில் மாற்றம் மிகக் குறைவு. கம்பியில் மிச்ச இழுப்பு இருக்கும்வரை சக்கரம் தாங்கும். இழுப்பு முழுதும் போய்விட்டால் அந்த இடத்தில் ரிம்மைப் பிடிக்க ஆளில்லை.

இப்போது ஒரு கணக்கு. 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுற்று. பள்ளி 5 கிலோமீட்டர் தூரம் என்றால், போக வர நாளைக்கு 4,500 முறை ஒவ்வொரு கம்பியும் ஒரு தடவை தளர்ந்து மறுபடி இறுகுகிறது. இறுக்கமாக இருக்கும் கம்பி இதைப் பொறுத்துக்கொள்ளும். தொளதொளத்த கம்பியோ ஹப்பின் ஓட்டையில் மாட்டியிருக்கும் தன் கழுத்தில் அசைந்து அசைந்து, தகரத்தை முன்னும் பின்னும் மடக்கினால் ஒடிவதைப் போல ஒடிந்துவிடும். கம்பி பெரும்பாலும் அந்த வளைவில்தான் அறுகிறது, கவனித்திருப்பீர்கள். பாரம் கூடியதால் அறுந்தது என்று நினைப்போம். கம்பி தளர்ந்து கிடந்ததுதான் பல நேரம் காரணம்.

இழுத்துக் கட்டுகிற இந்த யோசனை யாருடையது? 1860-களின் சைக்கிளுக்கு மாட்டு வண்டி போலவே மரச் சக்கரமும் இரும்புப் பட்டாவும்தான். ஓட்டினால் எலும்பு குலுங்கும். பாரிசில் இருந்த யூஜின் மேயர் என்பவர் 1869-இல் மெல்லிய கம்பியால் இழுத்துக் கட்டிய சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக முறுக்கலாம். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி, வில்லியம் ஹில்மனோடு சேர்ந்து 'ஏரியல்' சைக்கிளைக் கொண்டுவந்தார். அதில் வழி வேறு: ஒரு நெம்புகோலைத் திருப்பினால் எல்லாக் கம்பியும் ஒரே நேரத்தில் இறுகும்.

கேட்பதற்கு ஸ்டார்லியின் இந்த வழிதான் வசதியாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் நிலைத்தது தனித்தனியாக முறுக்கும் வழி. ரிம் ஓரிடத்தில் மட்டும் கோணினால், அந்த இடத்துக் கம்பியை மட்டும் தொட்டால் போதும். சாலையோர மெக்கானிக் ஒரு சின்னச் சாவியை வைத்துக்கொண்டு சக்கரத்தை நிமிர்த்த முடிவது இதனால்தான். கம்பியின் நுனியில் ஏறும் அந்தச் சின்னத் திருகுமூடிக்கு நிப்பிள் என்று பெயர். சைக்கிளில் நான் மிக உயர்வாக மதிக்கும் பாகம் அதுதான்.

ஸ்டார்லி 1874-இல் இன்னொன்று செய்தார். அதுவரை கம்பிகள் குடத்திலிருந்து நேராகச் சூரியக் கதிர் போலப் போயின. அவற்றைச் சாய்த்து, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிப் போகும்படி கோத்தார். பெடலை மிதித்தால் ஹப் திரும்புகிறது. நேர்க் கம்பியால் அந்த முறுக்கை ரிம்முக்கு நன்றாகக் கடத்த முடியாது. சாய்ந்த கம்பி கயிற்றை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு போகும். இன்று உங்கள் சைக்கிளில் கம்பிகள் பின்னல் போலக் குறுக்கிட்டுப் போவது அந்த 1874-இன் யோசனை.

இப்போது இதையெல்லாம் இயந்திரம் செய்கிறதா? பெரிய தொழிற்சாலைகளில் செய்கிறது. ஹப்பின் ஓட்டைகளில் கம்பியை நுழைக்க ஓர் இயந்திரம், நிப்பிளைத் திருகி ஏற்ற இன்னொன்று. மூன்றாவதுதான் கெட்டிக்கார இயந்திரம். சக்கரத்தைச் சுழற்றி, ரிம் எங்கே பக்கவாட்டில் கோணுகிறது, எங்கே மேலும் கீழும் போகிறது என்று உணர்கருவியால் அளந்து, எந்த நிப்பிளை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தானே திருப்பும். நெதர்லாந்தின் ஹாலண்ட் மெக்கானிக்ஸ் போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்து விற்கின்றன. ஆனால் கம்பிகளைக் குறுக்கே பின்னிக் கோக்கும் நடுவேலையை இன்றும் பல இடங்களில் கையால்தான் செய்கிறார்கள். விரல் செய்யும் அந்தப் பின்னலை இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடுப்பது கடினம்.

இந்த வரிசையில் உங்களுக்கு முக்கியமான படி ஒன்று உண்டு. இயந்திரத்தில் நிமிர்த்திய சக்கரத்தை அப்படியே அனுப்பிவிட மாட்டார்கள். பக்கவாட்டில் பலமாக அழுத்தி, கம்பிகளை அவற்றின் இடத்தில் உட்கார வைத்து, பிறகு மறுபடி ஒரு தடவை நிமிர்த்துவார்கள். ஏனென்றால் புதுக் கம்பி முதல் பாரத்தில் கொஞ்சம் அமரும். அதன் கழுத்து ஓட்டையில் பதியும். முறுக்கும்போது நிப்பிளோடு சேர்ந்து தானும் முறுக்கிக்கொண்ட கம்பி, பாரம் ஏறியதும் அவிழும். புதிதாகப் பின்னிய கயிற்றுக் கட்டில் ஒரு வாரத்தில் தொய்வதும் மறுபடி இழுத்துக் கட்டுவதும் உங்களுக்குப் பழக்கமானதுதான்.

அழுத்திப் பார்க்கும் படி நடக்காத சக்கரம் என்ன ஆகும்? அந்தப் படி உங்கள் வீட்டில் நடக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் நீங்கள் ஓட்டுவதே அந்த அழுத்தம். அதன்பிறகு மறுபடி ஒருமுறை நிமிர்த்தியாக வேண்டும். இதை யாரும் வாங்குபவரிடம் சொல்வதில்லை.

விலை உயர்ந்த, பேர்பெற்ற கம்பெனி வண்டி என்றால் இது வேண்டாமா? வேண்டும். அம்பத்தூரில் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் 1949-இல் கைகோத்துத் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளால் தெற்கெங்கும் அறிமுகம். 1956-இல் லூதியானாவில் எழுந்த ஹீரோ சைக்கிள்ஸ் 1986-இல் உலகிலேயே அதிகம் சைக்கிள் செய்யும் நிறுவனம் என்று கின்னஸில் ஏறியது. எந்தக் கம்பெனி செய்தாலும் கம்பி கம்பிதான். நல்ல கம்பெனி வண்டியில் தளர்வு குறையும், அறவே இல்லாமல் போகாது.

சரி, பார்ப்பது எப்படி? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். அடுத்தடுத்துக் குறுக்கிடும் இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து அழுத்திக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரே கெட்டியாக இருக்க வேண்டும். பிறகு ஒரு சின்ன ஸ்பேனரால் கம்பிகளை மெல்லத் தட்டுங்கள். இறுகியது தம்பூராக் கம்பி போல ஒலிக்கும், தளர்ந்தது 'தட்' என்று மந்தமாக விழும். பின்சக்கரத்தில் வலப்பக்கக் கம்பிகளும் இடப்பக்கக் கம்பிகளும் ஒரே சுருதியில் இல்லையே என்று குழம்ப வேண்டாம். செயின் பக்கத்துக் கம்பிகள் சற்று அதிகமாக இறுகியிருப்பது இயல்பு. ஒரே பக்கத்துக் கம்பிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள்.

அடுத்து, சக்கரத்தைச் சுழற்றி ஒரு சாக்பீஸை ரிம்மின் ஓரத்துக்குப் பக்கத்தில் அசையாமல் பிடியுங்கள். எங்கே கோடு விழுகிறதோ அங்கே ரிம் கோணியிருக்கிறது. இதற்குத்தான் மெக்கானிக் 'பெண்டு எடுக்கணும்' என்பார்.

நம் சைக்கிளில் எந்தப் பெண்டு அதிகம் தொல்லை தரும் என்பது பிரேக்கைப் பொறுத்தது. பழைய மாதிரி ராடு பிரேக்கில் கட்டை ரிம்மின் உள்வளைவில் மேல்நோக்கி அழுத்தும். அதனால் ரிம் மேடு பள்ளமாக இருந்தால் பிரேக் விட்டு விட்டுப் பிடிக்கும். ஒயர் பிரேக்கில் கட்டைகள் இரண்டு பக்கமும் கவ்வும். அங்கே பக்கவாட்டுக் கோணல்தான் எதிரி. கணவாய் இறக்கத்தில் போகும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நீங்களே நிமிர்த்தலாமா? சிறு கோணலை நிமிர்த்தலாம். தேவை ஒரு ஸ்போக் சாவியும் (நிப்பிளைத் திருப்பும் சின்னச் சாவி) பொறுமையும். ரிம் இடப்பக்கம் கோணியிருந்தால், அந்த இடத்தில் வலப்பக்கத்திலிருந்து வரும் கம்பிகளை இறுக்குங்கள். அவை ஏற்கெனவே நல்ல கெட்டியாக இருந்தால் இடப்பக்கக் கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். டயர் பக்கமிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டு கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் நிப்பிள் இறுகும். உள்பக்கமிருந்து பார்த்தால் திசை மாறித் தெரியும், பலரும் தவறுவது இங்கேதான்.

எவ்வளவு திருப்புவது? கால் சுற்று. அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். 2 மில்லிமீட்டர் கம்பியில் ஓர் அங்குலத்துக்கு 56 மரை (திருகுப் பள்ளம்) இருக்கும். ஒரு முழுச் சுற்றுக்கு நிப்பிள் 0.45 மில்லிமீட்டர் நகரும். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போலிருக்கும், ஆனால் இறுகிய சக்கரத்தில் அது மிக அதிகம். கால் சுற்று திருப்பி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, பிறகு அடுத்த கால் சுற்று. வளைந்திருக்கும் இடத்தில் ஒரே கம்பியை மட்டும் மாய்ந்து மாய்ந்து இறுக்காதீர்கள். இரண்டு மூன்று கம்பிகளுக்குப் பகிர்ந்து கொடுங்கள். துருப்பிடித்து இறுகிய நிப்பிளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். பலத்தைக் காட்டினால் அதன் சதுர முனை மழுங்கிவிடும்.

பள்ளத்தில் விழுந்து ரிம்மே எட்டு போல மடங்கியிருந்தால் இது உங்கள் வேலை இல்லை, மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். ஒரு கம்பி அறுந்தால் 'இன்னும் நிறைய இருக்கிறதே' என்று ஓட்டாதீர்கள். அதன் பங்கு பக்கத்துக் கம்பிகள்மேல் ஏறும், அவையும் வரிசையாகப் போகும். அதே தடிமன், அதே நீளக் கம்பிதான் போட வேண்டும். பழைய கம்பியைக் கடைக்கு எடுத்துப் போனால் குழப்பம் வராது.

கம்பியைப் போலவே, அவசரமாகப் பூட்டும்போது தவறுகிற இடங்கள் இன்னும் மூன்று உண்டு. முதலில் பெடல். இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டியது. எல்லாத் திருகையும் போல வலமாகத் திருகினால் ஏறாது. அடித்து ஏற்றினால் கிராங்கின் (பெடலைத் தாங்கும் தண்டு) மரை நாசமாகும். ஏன் எதிர்மரை? மிதிக்கும்போது ஏற்படும் உருளல் இடப்பக்கத்தில் சாதாரண மரையை மெல்ல மெல்லக் கழற்றிவிடும், அதைத் தடுக்கத்தான். பெடலின் அச்சுமுனையில் ஆங்கில எழுத்து 'எல்' இருந்தால் இடம், 'ஆர்' இருந்தால் வலம்.

இரண்டாவது காட்டர் பின் (கிராங்கை நடு அச்சோடு இறுக்கும் ஆப்பு போன்ற ஆணி). புதிதில் ஒரு மாதத்துக்குள் இது தளரும். ஒவ்வொரு மிதிக்கும் காலில் ஒரு 'டக்' தெரிந்தால் உடனே இறுக்குங்கள். அப்படியே ஓட்டினால் ஆணி தேய்ந்து, கிராங்கின் ஓட்டையும் அகன்று, செலவு பெருகும்.

மூன்றாவது ஹப்புக்குள் இருக்கும் இரும்புக் குண்டுகள். சைக்கிளுக்குக் குண்டு வைத்த அச்சைக் கொண்டுவந்ததும் அதே 1869-தான். பாரிசில் ஜூல்ஸ் சூரிரே என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். பழைய முறையில் குண்டுகளை ஒவ்வொன்றாகக் கிரீஸில் ஒட்டவைத்துப் பூட்டுவார்கள். ஒன்று கீழே விழுந்தாலும் தெரியாமல் பூட்டிவிட முடியும். குண்டுகளைக் கோத்துப் பிடிக்கும் வளையம் வந்தபின் இந்தத் தவறு குறைந்தது. நீங்கள் பார்க்க வேண்டியது எளிது: ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஹப்பில் 'லொடக்' இருந்தால் கோன் (குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கூம்பு) தளர்வு. தூக்கிச் சுழற்றினால் சட்டென்று நின்றுவிட்டால் அது மிகை இறுக்கம். இரண்டும் கெடுதல். சரிசெய்ய இரண்டு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும்.

கடைசியாகப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் குழுவினருக்கும் ஒரு வேண்டுகோள். சைக்கிள் கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமையைக் குறித்து வையுங்கள். ஊர் மெக்கானிக் ஒருவரை அழைத்து, அவருக்கு ஒரு நாள் கூலி கொடுத்து, எல்லாச் சைக்கிளையும் மைதானத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அவர் கம்பியைத் தட்டிப் பார்க்கட்டும், காட்டர் பின்னை இறுக்கட்டும். பக்கத்தில் நின்று பிள்ளைகள் பார்க்கட்டும். ஆளுக்கொரு ஸ்போக் சாவி வாங்கிக் கொடுக்க முடிந்தால், அடுத்த முறை மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியிருக்காது.